வெட்டுத்துண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்: வினைல் தரை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வினைல் தரை தயாரிக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு,

தரை பதிக்கும்போது வெட்டி மிஞ்சும் துண்டுகளை இதுவரை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதை நிறுத்தும் உங்கள் சுற்றறிக்கை இரண்டே வரி. "வெட்டுத்துண்டு சேகரிப்பு இந்த மாத இறுதியோடு நிறுத்தப்படுகிறது. மிஞ்சும் பொருளை அந்தந்த இடத்துக் கழிவு விதிகளின்படி அகற்றிக்கொள்ளவும்." அதைப் படித்த அதே வாரம், உங்கள் உறுப்பினர் நிறுவனம் ஒன்றின் புதிய சாம்பிள் புத்தகமும் என் கைக்கு வந்தது. அட்டையிலேயே பச்சை நிறத்தில் சுழலும் அம்புகள். அதன் கீழே "100 சதவீதம் மறுசுழற்சி செய்யத்தக்கது". இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத பொருளை மறுசுழற்சி செய்யத்தக்கது என்று எப்படி எழுதுகிறீர்கள்? பதில் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் வினைல் தரை பதிப்பவன். 22 வருடமாக இதே வேலை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், அலுவலகம், வீடு என்று எல்லா இடத்திலும் பதித்திருக்கிறேன். என் முழங்கால் தேய்ந்தது உங்கள் தரைகளின் மேல்தான். அதனால் வினைல் மேல் எனக்குப் பகை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். அறுவை அறையில் ரத்தம் சிந்தினால் துடைத்து எடுக்கிற மாதிரி, இணைப்பே தெரியாமல் ராட் வைத்து உருக்கி ஒட்டிச் சுவர்வரை ஏற்றிவிடலாம். ஒழுங்காகப் பதித்த தரை 20 வருடம் அசையாது. வினைல் தரையின் மூலப்பொருள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பிசின். சுத்தமான அந்தப் பிசினின் எடையில் 57 சதவீதம் குளோரின், அது உப்பிலிருந்து வருகிறது. மீதி 43 சதவீதத்துக்குத்தான் எண்ணெயோ எரிவாயுவோ தேவை. நீங்கள் இதைப் பெருமையாகச் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பொருள் குப்பைக்குப் போகும் நாளில் அதே 57 சதவீதம்தான் எல்லோருக்கும் தொல்லையாகிறது. அந்த நாளைப் பற்றி உங்கள் சாம்பிள் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

வெட்டுத்துண்டு என்றால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன். நீங்கள் அனுப்பும் ரோல் பெரும்பாலும் 2 மீட்டர் அகலம். அறைகள் அந்த அளவுக்குக் கட்டப்படுவதில்லை. தூண் இருக்கும், கதவு நிலை இருக்கும், தண்ணீர் வடியும் துவாரம் இருக்கும், ஒரு மூலை கோணலாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வளைத்து வெட்ட வேண்டும். என் அனுபவத்தில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துவரை துண்டாகப் போகும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. 1,000 சதுர மீட்டர் வேலை முடிந்தால் 250, 300 கிலோ துண்டு மூட்டையாக நிற்கும். யார் காலும் படாத, பசை தொடாத, எந்த ஆலையில் எந்த நாள் செய்தது என்று ரோல் சீட்டிலேயே எழுதியிருக்கிற துண்டு. மறுசுழற்சி செய்பவருக்கு இதைவிடச் சுத்தமான சரக்கு எங்கிருந்து கிடைக்கும்?

உங்கள் சேகரிப்புப் பைகள் இருந்த நாட்களில் நாங்கள் அதை எவ்வளவு கவனமாகச் செய்தோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை தொடங்குமுன் அறை ஓரத்தில் மூன்று பைகளைக் கட்டி வைப்போம். ஒரே அடுக்காக வரும் ஷீட்டுக்கு ஒன்று, பல அடுக்கு ஷீட்டுக்கு ஒன்று, அடியில் நுரை வைத்ததற்கு ஒன்று. என்னோடு வேலை பழகும் பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். துண்டைத் திருப்பிப் பார், அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்து, நுரை என்றால் குழி விழும், கண்ணாடி நார் இருந்தால் வெட்டிய விளிம்பில் வெள்ளையாகக் கோடு தெரியும். சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போடு. சாயங்காலம் களைத்துப் போயிருந்தாலும் அவன் ஒரு துண்டைக்கூட மாற்றிப் போட மாட்டான். இதற்காக யாரும் எங்களுக்குக் கூலி தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. செய்கிற தொழிலுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தோம். சுற்றறிக்கை வந்த பிறகு முதல் வேலையில், கையில் ஒரு துண்டோடு வந்து நின்று, "அண்ணே, இதை எந்தப் பையில போடுறது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இடிபாட்டுக் குப்பையோடு ஏற்றிவிட்டோம். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஏற்றிவிட்ட பிறகு அது எங்கே போகிறது? குழியில் புதைத்தால் மக்காது. ஷீட் வளையட்டும் என்று நீங்கள் சேர்க்கிற இளக்கிகள் பிசினோடு வேதிப் பிணைப்பில் இல்லாதவை, மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். எரியூட்டு ஆலைக்குப் போனால் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும். அதைக் கழுவி எடுக்கத் தனிக் கருவியும் சுண்ணாம்பும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வெட்டவெளியில் கொளுத்துவதுதான் கொடுமை. ஒரு கட்டட வேலையில் வேறொரு குழு துண்டுகளைக் குவித்துத் தீ வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கறுப்புப் புகை. தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல், கண்ணைத் திறக்க முடியவில்லை. அடுத்த வாரம் போனபோது அந்த இடத்தை ஒட்டியிருந்த கம்பி வலை பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது. அமிலம் இரும்பைத் தின்றது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் புகையோடு வரும் டையாக்சின் கண்ணுக்குத் தெரியாது. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உலகம் முழுக்கக் குறைக்கச் சொல்லும் நச்சுகளில் அதுவும் ஒன்று. தீ வைத்தவர்களை நான் திட்டினேன். பிறகு யோசித்தால், அவர்களுக்கு வேறு வழி யார் காட்டினார்கள்?

பொதுப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். தயவுசெய்து அப்படி யாருக்கும் சொல்லாதீர்கள். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்று. தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் இரண்டுமே மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே பி.வி.சி. சிதைந்து அமிலம் கக்கி, மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். எங்கள் துண்டுக்குத் தனி வழி வேண்டும் என்பது நாங்கள் பிடிக்கிற அடம் இல்லை. அந்தப் பொருளின் குணமே அப்படி.

பி.வி.சி. பொருட்களில் முக்கோணத்துக்குள் இருக்கும் 3 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறையே கொண்டுவந்த குறியீடு அது. இந்தப் பொருள் எந்த வகைப் பிசின் என்று தரம் பிரிப்பவருக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. சுழலும் அம்பைப் பார்த்து மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2013இல் அந்தத் தர விதியைத் திருத்தி, அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். இத்தனை வருடம் கழித்தும் உங்கள் அட்டையில் அம்பு சுழல்கிறது, பச்சை நிறத்தில்.

சேகரிப்பை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னீர்கள். கட்டுப்படியாகவில்லை, கலப்படமாக வருகிறது, பழைய தரைகளில் இப்போது தடையுள்ள சேர்மானங்கள் இருக்கின்றன. இதில் மூன்றாவதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அது நியாயமான கவலை, உங்களைவிட எனக்குத்தான் அது நெருக்கம். பழைய தரையைப் பெயர்ப்பவன் நான். கத்தியால் ஒரு சாண் அகலத்துக்குக் கீறி, ஒரு முனையைக் குறட்டில் பிடித்து இழுப்போம். மேல் அடுக்கு சர்ரென்று உரிந்து வரும். அடி அடுக்கு பசையோடு தரையிலேயே தங்கிவிடும். அதை ஹீட் கன் காட்டி ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். அந்த நேரம் எழும் வாடையை முகமூடி போட்டாலும் முழுசாகத் தடுக்க முடியாது. 1980களுக்கு முன் போட்ட சில தரைகளின் அடியில் ஆஸ்பெஸ்டாஸ் தாள் இருக்கும் என்பதால், வயதான தரை என்றால் சோதனை முடியும்வரை நான் கை வைப்பதில்லை. மற்றவற்றில் டி.இ.எச்.பி., பி.பி.பி. போன்ற தாலேட் வகை இளக்கிகள். இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் இவற்றைப் பெரும்பாலான பொருட்களில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. பழைய தரையை அரைத்துப் புதிய தரையில் கலந்தால் நேற்றைய நஞ்சு நாளைய வீட்டுக்குள் போகும். அங்கே தவழப் போவது குழந்தைகள். இதை நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

இத்தாலியில் ஃபெராரா நகரில் வினைலூப் என்ற ஆலை 2002இல் தொடங்கியது. பி.வி.சி.யைக் கரைப்பானில் கரைத்து, நாரையும் அழுக்கையும் வடிகட்டி, பிசினை மட்டும் மீட்கும் அருமையான முறை. கேபிள் உறையும் தார்ப்பாயும் அங்கே மறுபிறவி எடுத்தன. ஆனால் கரைசலில் இருந்து தாலேட்டைப் பிரிக்க அந்த முறையால் முடியவில்லை. ஐரோப்பிய விதிகள் இறுகியதும் 2018இல் ஆலையை மூடிவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மீட்கும் தொழில்நுட்பம் தோற்றுப்போனது, அதற்கு இருபது முப்பது வருடம் முன்பு யாரோ உள்ளே என்ன கலந்தார்கள் என்பதால்.

சரி, அந்தக் காரணம் வெட்டுத்துண்டுக்கு எப்படிப் பொருந்தும்? போன மாதம் உங்கள் ஆலையில் இருந்து கிளம்பிய ரோல் அது. உள்ளே என்ன இருக்கிறது என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். தாலேட் இல்லாத புதிய இளக்கிகளுக்கு மாறிவிட்டோம் என்று விளம்பரம் செய்பவர்களும் நீங்கள்தான். அப்படியானால் அந்தத் துண்டைத் திரும்ப எடுக்க என்ன பயம்? பழைய தரையின் பாவத்தைப் புதிய துண்டின் தலையில் கட்டுவது சரியில்லை.

கலப்படம் என்ற காரணத்துக்கும் பாதிப் பொறுப்பு உங்களுடையது. பெயர்த்தெடுத்த ஒவ்வொரு தரையையும் நான் திருப்பிப் பார்ப்பேன். பழக்கமாகிவிட்டது. அடிப்பக்கம் மங்கலாக ஒரு நிறுவனப் பெயர், ஒரு தொகுதி எண், அவ்வளவுதான். சிலதில் அதுவும் இல்லை. எந்த இளக்கி, சூட்டில் பிசின் சிதையாமல் காக்க எந்த நிலைப்படுத்தி, எவ்வளவு சுண்ணாம்புத்தூள், கண்ணாடி நார் உண்டா என்று ஒன்றும் தெரியாது. தெரியாததால் தரம் பிரிப்பவர் கையை விரிக்கிறார், எல்லாம் குப்பைக்குப் போகிறது. இன்று நீங்கள் விற்கும் தரையை 20 வருடம் கழித்துப் பெயர்க்கப் போகிறவன் என்னிடம் வேலை பழகும் இந்தப் பையன்தான். அவனும் இதே மாதிரி திருப்பிப் பார்த்துவிட்டு விழிக்க வேண்டுமா?

கட்டுப்படியாகவில்லை என்பதற்கு என்னிடம் கணக்குப் புத்தகம் இல்லை. ஆனால் மற்றவர்கள் செய்திருக்கிறார்கள் என்பது தெரியும். ஜெர்மனியில் வினைல் தரைக்கென்றே தயாரிப்பாளர்கள் சேர்ந்து 1990இல் ஒரு மறுசுழற்சி அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய தரையைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்தில் அரைத்துத் தூளாக்குகிறார்கள். பிரிட்டனில் 2009இல், சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் இரண்டு தரை நிறுவனங்கள் இந்த ஒரு விஷயத்துக்காகக் கைகோத்தன. எங்களைப் போன்ற பதிப்பாளர்களிடமிருந்து துண்டுகளை வாங்கிப் புதிய தரையாகவும் சாலையில் வைக்கும் கூம்புகளாகவும் மாற்றின. அதே 2009இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவமனைகளின் சலைன் பைகளையும் ஆக்சிஜன் முகமூடிகளையும் குழாய்களையும் தனியாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். அவை தோட்டத்துக் குழாயாகவும் தரைப்பாயாகவும் ஆகின்றன. நர்சுகள் ஓடி ஓடி வேலை செய்கிற வார்டிலேயே தரம் பிரிக்க முடிகிறது என்றால் எங்களால் முடியாதா? ஐரோப்பாவில் பி.வி.சி. தொழில்துறை தானாக முன்வந்து நடத்தும் திட்டத்தில் 2021இல் மட்டும் சுமார் 8,10,000 டன் மறுசுழற்சி ஆனது. அதில் பெரும்பங்கு ஜன்னல் சட்டமும் ஆலைக் கழிவும்தான், தரையின் பங்கு சிறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எது முறையாகச் சேகரிக்கப்படுகிறதோ அதுதான் மறுசுழற்சி ஆகிறது. ஜன்னலுக்கு ஏற்பாடு இருக்கிறது, அதனால் ஜன்னல் திரும்பி வருகிறது.

முடியாது என்று உங்கள் தொழில் இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் ஒரு பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களுக்கு ஈரலில் ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது வெளியே தெரிந்தது. காரணம், பி.வி.சி. செய்யும் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு. அதுவரை ஆலைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்குவரை இருக்கலாம் என்றிருந்த அளவை 1 பங்காகக் குறைக்க அரசு சொன்னது. ஆலைகளையே மூட வேண்டியிருக்கும் என்று தொழில்துறை வாதாடியது. ஆனால் ஓரிரு வருடத்திலேயே உபகரணங்களை மாற்றி அந்த அளவுக்குள் வந்துவிட்டார்கள், ஆலைகளும் ஓடின. அந்தத் தொழிலாளிகளுக்கும் எனக்கும் நடுவில் கடலும் காலமும் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் செய்த பிசின்தான் என் கையில் ஷீட்டாக வருகிறது. அதனால் "முடியாது" என்று நீங்கள் எழுதும்போது அப்படியே நம்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

முதலில், வெட்டுத்துண்டு சேகரிப்பை மறுபடி தொடங்குங்கள். எல்லா வகையையும் இன்றே எடுக்க முடியாவிட்டால், ஒரே அடுக்கு ஷீட்டில் மட்டும் ஆரம்பியுங்கள். அரைத்து மறுபடி ஷீட்டாக்க அதுதான் எளிது. ரோல் கொண்டுவந்து இறக்குகிற வண்டி திரும்பும்போது வெறுமையாகத்தான் போகிறது. எங்கள் பைகளை அதில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தரம் பிரித்து, துடைத்து, கட்டி வைப்பது எங்கள் பொறுப்பு. அதை எழுதியே தருகிறோம்.

இரண்டாவது, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை ஷீட்டின் அடிப்பக்கத்தில் அழியாத மையில் அச்சிடுங்கள்: தயாரித்த ஆண்டு, இளக்கியின் பெயர், நிலைப்படுத்தியின் பெயர், கண்ணாடி நார் இருக்கிறதா என்பது. மேல்பக்கம் மரத்தின் ரேகையை அவ்வளவு நுணுக்கமாக அச்சிடுகிறவர்களுக்கு அடியில் நான்கு சொல் அச்சிடுவது பெரிய காரியமில்லை. வியாபார ரகசியம் என்று சொல்ல வேண்டாம். முழுச் செய்முறையை நான் கேட்கவில்லை.

பழைய தரை விஷயத்தில், தடைசெய்யப்பட்ட சேர்மானம் உள்ளதை யாரும் அரைத்துப் புதிய வீட்டுத் தரையில் கலக்கக் கூடாது என்று உங்கள் உறுப்பினர்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதி வேண்டும். சந்தேகத்துக்கு இடமான தரையைப் பெயர்க்கும்போது மாதிரி எடுத்து அனுப்பினால், உங்கள் சோதனைக்கூடத்தில் பார்த்து எங்களுக்கு முடிவு சொல்லும் ஏற்பாடும் வேண்டும். நாங்கள் சுவாசிக்கிற காற்று அது.

அப்புறம், பசை. தேவையில்லாத இடத்தில்கூட முழுப் பரப்புக்கும் பசை போடச் சொல்லி உங்கள் வேலைக் குறிப்பு சொல்கிறது. பசையில்லாமல் விரிக்கும் வகைகளையும், சுலபமாகப் பெயரும் பசைகளையும் நீங்களே தயாரிக்கிறீர்கள். எந்த இடத்துக்கு எது போதும் என்று குறிப்பைத் திருத்துங்கள். பெயர்க்கும்போது தரை முழுசாக வந்தால்தான் அடுத்தவரால் எதையாவது செய்ய முடியும்.

கடைசியாக, திரும்ப எடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வரும்வரை சாம்பிள் புத்தகத்தில் இருந்து அந்தப் பச்சை அம்புகளையும் "100 சதவீதம் மறுசுழற்சி செய்யத்தக்கது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். ஏற்பாடு வந்த பிறகு, எத்தனை டன் விற்றீர்கள், எத்தனை டன் திரும்ப வந்தது, அதில் எத்தனை மறுபடி தரையானது என்று வருடாவருடம் வெளியிடுங்கள்.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட வேலை தொடங்குகிறேன். 1,400 சதுர மீட்டர். பழைய வழக்கப்படி மூன்று பைகளைக் கட்டித்தான் வைக்கப் போகிறேன். துண்டுகளை வகை பிரித்து, ரோல் சீட்டோடு சேர்த்து, என் கூடத்தில் அடுக்கி வைத்திருப்பேன். உங்கள் வண்டி எந்த நாள் வரும் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வினைல் தரை பதிக்கும் தொழிலாளி